மாலை போட்டபோது நிறுத்திய மாத்திரை

எங்கள் பிரிவுக்கு ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாகவே போகலாம். நான் போக மாட்டேன். பின்பக்கம், சமையலறைக்குக் காய்கறி இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. அந்த வழியாக நுழைந்து இரண்டு தாழ்வாரங்களைச் சுற்றிக்கொண்டு போவேன். முன்வாசலில் பெரிய பலகை ஒன்றில் இந்தியில் 'நஷா முக்தி' என்று எழுதியிருக்கிறது. போதையிலிருந்து விடுதலை என்று பொருள். அந்தப் பலகைக்குக் கீழே நான் நடந்துபோவதை நம் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். டெல்லி எவ்வளவு பெரிய ஊர்! ஆனாலும் எந்தச் சந்துக்குள் போனாலும், "என்னங்க மாரியப்பன், இங்க எங்க?" என்று கேட்க ஒரு தமிழர் வந்துவிடுவார்.

இதை எழுதச் சொன்னது அங்கே இருக்கும் கவுன்சிலர் மேடம். இந்த நோயைப் பற்றித் தமிழில் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லையாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் வரும் பேப்பரைப் படிப்பேன், அவ்வளவுதான். "எனக்கு எழுத வராதுங்க" என்றேன். "பேசவும் வராது என்றுதானே முதல் நாள் சொன்னீங்க, அண்ணா?" என்று சிரித்தார். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன்.

கரோல் பாக்கில் ஒரு தமிழ் மெஸ்ஸில் மாவு ஆட்டுவது என் வேலை. ஆட்டிய மாவை வழித்து அண்டாவில் நிரப்பி, படியேறி மேலே கொண்டுபோய், புளிக்க வைக்கிற அறையில் இறக்க வேண்டும். ஒரு நாள் அண்டாவோடு படி திரும்பும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. அது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்று எலும்பு டாக்டர் படத்தில் காட்டினார். ஓய்வு எடுக்கச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓய்வு என்னால் முடியாது. மாத்திரை முடிந்தது. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கினேன். பிறகு சீட்டு இல்லாமலே வாங்கினேன். என் தலையைப் பார்த்தாலே கடைக்காரர் மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்துவிடுவார். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த மாத்திரை வலியை எடுத்தது. கூடவே என் கூச்சத்தையும் எடுத்தது. முதலாளி கூப்பிட்டால் உள்ளுக்குள் நடுங்குகிறவன் நான். மாத்திரை போட்டுக்கொண்டால் ஜனவரிக் குளிரில் யாரோ ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். அந்தச் சூடு குறையக் குறைய, இன்னொன்று போடுவேன். அப்படியே ஏறிக்கொண்டு போனது.

ஹோலிக்கு மருந்துக்கடை மூடியிருந்த அன்றுதான் தெரிந்தது. காலையிலிருந்து நிற்காத கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். கை மயிரெல்லாம் கோழித்தோல் மாதிரி எழுந்து நின்றது. வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. கால் தன்னால் உதைத்துக்கொண்டது. டெங்கு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். என் மகள் ரம்யா ஆட்டோ பிடித்து அழைத்துப்போனாள். அவள் குர்கானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா என் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ரம்யா என் சட்டைப் பையிலிருந்து காலிப் பட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. "இது காய்ச்சல் இல்லை. உடம்பு இந்த மாத்திரையைக் கேட்டு அழுகிறது" என்றார். இந்த வலி மாத்திரை அபினுடைய இனம், மூளை அதற்குப் பழகிவிட்டால் அது இல்லாமல் இயங்காது, இது ஒரு நோய், வைத்தியம் உண்டு என்று சொன்னார். அபின் என்ற ஒரு சொல்தான் என் மனைவி செல்வியின் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வூட்ல பீடி கூடக் கெடையாதும்மா" என்று டாக்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். "இவரு காபியே ஒரு வேளதான் குடிப்பாரு."

படுக்க வைப்பார்கள் என்று பயந்தேன். படுக்க வேண்டாம், வந்து வந்து போனால் போதும் என்றார்கள். மருந்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்ததுதான் வைத்தியம். அரசு ஆஸ்பத்திரி என்பதால் மருந்துக்குக் காசு இல்லை. அதைக் கேட்டபோதுதான் செல்விக்கு மூச்சு வந்தது.

காத்திருக்கும் கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்தபோது அங்கிருந்தவர்களைப் பார்க்கவே நடுங்கினேன். கையில் ஊசித் தழும்போடு இளைஞர்கள், தூங்கி விழுகிற ஒருவர், அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயார். நான் இவர்களைப் போல இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் லாரி ஓட்டும் ஒரு வயதான சர்தார்ஜி உட்கார்ந்திருந்தார். என் வேட்டியையும் விபூதியையும் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்.

"மதராஸி பாய், நாங்க ராத்திரி வண்டி ஓட்ட அபின் தின்னோம். நீ எதுக்குத் தின்ன? இட்லிக்குத் தொட்டுக்கவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை என் கையில் வைத்தார். அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன்.

மருந்தின் பெயர் புப்ரினார்ஃபின். என் வாயில் நுழையாது. அங்கே எல்லோரும் நாக்கு மாத்திரை என்போம். விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, கரைகிற வரை பேசாமல், தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். முதல் மாத்திரையை உடனே கொடுக்க மாட்டார்கள். பழைய மாத்திரை உடம்பைவிட்டு இறங்கி, நடுக்கம் நன்றாக வந்த பிறகே கொடுப்பார்கள். முன்பே கொடுத்தால், இது உள்ளே போய் அதைப் பிடித்துத் தள்ள, ஒரேயடியாக வேதனை வந்துவிடுமாம். டாக்டரம்மா விளக்கியது இப்படி: மூளையில் ஒரு நாற்காலி இருக்கிறது. பழைய மாத்திரை அதில் உட்கார்ந்து கூத்தடித்தது. நாக்கு மாத்திரை அதே நாற்காலியில் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்ளும். நடுக்கமும் வராது, பழையது வந்தால் உட்கார இடமும் இருக்காது.

பிறகு ஒன்று சொன்னார். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "இதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து, முன்பு சாப்பிட்ட அதே அளவைச் சாப்பிட்டால், உடம்பு அந்த அளவை மறந்திருக்கும். தூக்கம் வரும். மூச்சு மெதுவாகும். நின்றுவிடும்."

கவுன்சிலர் மேடத்தோடு தனியறையில் பேச வேண்டும். முதல் சில முறை நான் பேசவே இல்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள், "மாவு புளித்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு எங்கெங்கோ போய், மாலையில் வேலை முடியும் நேரம், முதலாளி சத்தம் போடும் நேரம், மச்சான் வீட்டுக்கு வரும் நேரம், இந்த மூன்று வேளைகளில்தான் என் கை மாத்திரையைத் தேடும் என்று எனக்கே தெரிந்தது. அந்த வேளைகளில் என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்து வைத்தோம். இடுப்புக்குத் தனியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மெஸ்ஸில் அண்டாவை இரண்டு பேராகத் தூக்க ஏற்பாடு செய்துகொண்டேன். கோடை முடியும்போது உடம்பில் சதை பிடித்திருந்தது. தினமும் போய்ப் போட்டுக்கொண்ட மாத்திரையை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

அப்போதுதான் கூடத்துக்கு வரும் நீலத் தொப்பிப் பையன் ஒருவனைக் காணவில்லை. எப்போதும் மூலையில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கே என்று சர்தார்ஜியைக் கேட்டேன். "அக்கா கல்யாணத்துக்குப் போனான். மாத்திரையை விட்டுட்டான். அங்கே பழைய சிநேகிதர்கள், அதே பழைய அளவு" என்று சொல்லி, இரண்டு கையையும் விரித்தார். அந்த மூலை நாற்காலியில் அன்று யாரும் உட்காரவில்லை.

கார்த்திகை பிறந்தது. செல்வியின் அண்ணன் சேகர் கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் இருக்கிறார். மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். எனக்கு இந்த வேலையும் வீடும் பார்த்துக் கொடுத்தவர் அவர். வருஷா வருஷம் சபரிமலைக்குக் குழு அழைத்துப் போகும் குருசாமியும் அவர்தான். அவர் சொன்னால் நான் மறுத்துப் பேசியதில்லை.

"மாப்ள, இந்த வருஷம் நீயும் மாலை போடுற" என்றார். "எங்க ஆபீஸ்ல குடிச்சிட்டு ரோட்ல உருண்டவனெல்லாம் மாலை போட்டு விட்டுட்டான். மாத்திரைக்கு மாத்திரை மாத்திக்கிட்டு இருக்கியே, இதுல என்ன இருக்கு? ஒரு கடையிலேர்ந்து எந்திரிச்சு எதிர்க் கடையில உக்காந்த கதைதானே?"

"டாக்டர் வந்து..." என்றேன்.

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவாங்க. ஐயப்பன் மேல பாரத்தப் போடு."

மாலை போட்டேன். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, காலில் செருப்பு இல்லை. மாலை போட்டவனை வீட்டில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். செல்வி விடியுமுன் எழுந்து குளித்துத் தனியாகச் சமைப்பாள். "சாமி, காபி வெச்சிருக்கேன்" என்பாள். யாரைக் கண்டாலும் கூசி ஒதுங்குகிற என்னைக் கும்பிடுகிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாலை போட்டவன் போதை தொடக் கூடாது. நாக்கு மாத்திரை போதையா, மருந்தா? டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். மச்சானிடமே இன்னொரு முறை பேசியிருக்கலாம். யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்து, மாலை போட்ட அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. விரதத்தில் நான் தனியாகத் தரையில் படுப்பதால், இரவில் நான் படும் பாட்டையும் செல்வி பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. சாமி காப்பாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். நாக்கு மாத்திரை மெதுவாக இறங்கும் மருந்து, அதனால் அதன் நடுக்கமும் மெதுவாகத்தான் வரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிறகு கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. டெல்லிக் குளிரில் விடியற்காலைப் பச்சைத்தண்ணீர் தலையில் விழும்போது எலும்புக்குள் ஊசி இறங்கியது. வெறுங்காலோடு மெஸ்ஸுக்கு நடந்து போகும்போது, மருந்துக்கடையின் பச்சை விளக்கு மட்டும்தான் தெருவில் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடையைத் தாண்டிவிட்டால் போதும் என்று சரணம் சொல்லிக்கொண்டே ஓடுவேன்.

சனிக்கிழமை மாலை மச்சான் வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் பந்தல் போட்டு பஜனை. குடும்பத்தோடு போனோம். நிறையப் பேர். நொய்டாவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பையன்கள், ஆபீஸர் குடும்பங்கள், எங்கள் மெஸ் ஆட்கள். ஜால்ரா சத்தம் ஏற ஏற என் உடம்பு உதற ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பல் கிட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையில் மயிரெல்லாம் எழுந்து நின்றது.

"சாமி வந்திருக்கு! மாரியப்ப சாமிக்கு வந்திருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

சரண கோஷம் பந்தலைத் தூக்கியது. மச்சான் ஓடிவந்து என் நெற்றி நிறைய விபூதி பூசினார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று எல்லோரிடமும் சொன்னார். பெண்கள் வரிசையாக வந்து காலில் விழுந்தார்கள். ஓர் அம்மா தன் கைக்குழந்தையை என் காலடியில் கிடத்தினார். இது சாமி இல்லை, இது வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல்லடிக்கும் சத்தம்தான் வந்தது. செல்வி வந்தாள். ஈரக் கண்ணோடு தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"ரம்யாவுக்கு நல்ல எடம் அமையுமா சாமி?"

என் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இத்தனை பேர் கும்பிடும்போது, எனக்குள்ளே இருந்தது ஒரே ஒரு நினைப்பு. எதிர்ப்பக்கம் மார்க்கெட்டில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது.

கால் கழுவப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் பந்தலைவிட்டு வெளியே வந்தேன். வழிவிட்டார்கள். தெரியாத கடை. மாத்திரையின் பெயரை நான் சொன்னதும் கடைக்காரர் சீட்டு கேட்க நிமிர்ந்தார். மாலையையும் விபூதியையும் பார்த்தார். கைகூப்பி, "சுவாமிஜி, பாத யாத்திரையா? கால் வலியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். பணத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூடியிருந்த கடையொன்றின் முன்னால் நின்று பட்டையைக் கிழித்தேன். கை பழைய கணக்கை மறக்கவில்லை. உள்ளங்கை நிறைய எடுத்தது. வாய்க்குக் கொண்டு போனேன். அப்போது அந்த மூலை நாற்காலி நினைவுக்கு வந்தது. நீலத் தொப்பி. கை நின்றது. போடவும் பயம், கீழே எறியவும் பயம். உள்ளங்கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அப்பா."

ரம்யா கையில் என் ஸ்வெட்டரோடு நின்றாள். நான் குளிரில் நடுங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"அப்பா, சச் சொல்லுங்க, உண்மைய. டேப்லெட் எத்தன நாளா போடல?"

மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அங்க எல்லாரும் சாமி சாமின்றாங்க. எனக்கு ஹோலி அன்னிக்கு ஆட்டோல வந்த மாதிரிதான் தெரிஞ்சுது. சேம் டு சேம்." அவள் குரல் உடைந்தது. "கைய திறங்கப்பா. ப்ளீஸ்."

திறந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. என் கையையே கவிழ்த்துவிட்டாள். மாத்திரைகள் சாக்கடையில் விழுந்தன. மீதிப் பட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்வெட்டரை என் தலைவழியே மாட்டிவிட்டாள், சின்னப் பிள்ளைக்கு மாட்டுவது போல.

வீட்டில் செல்வியிடம் சொன்னது ரம்யாதான். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். "அப்ப அது சாமி இல்லியா?" என்று செல்வி கேட்டது மட்டும் காதில் விழுந்தது. பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாலை போட்டவரைத் தொடலாமா என்று தயங்கினாள் போலிருக்கிறது. கை வந்து வந்து நின்றது. அப்புறம் என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"வேற எங்கயாவது எதாவது போட்டிருக்கியா? உண்மையச் சொல்லு. மூச்சு நின்னுரும்னு பாப்பா சொல்லுது."

"போடல."

"நான் கைய எடுக்க மாட்டேன். நீ தூங்கு."

காலையில் அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இந்த முறை பின்கதவு வரை நடக்க என்னால் முடியவில்லை. ஆட்டோ முன்வாசலில் நின்றது, அந்த வழியாகவே போனோம். யார் பார்த்தார்களோ தெரியாது. டாக்டரம்மா நாடி பார்த்தார், கண் பார்த்தார். பழைய மாத்திரை எதுவும் உள்ளே போகவில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "என்னை ஏன் கேட்கவில்லை?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அது அடித்ததைப் போல இருந்தது. குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து, தினமும் வந்து தன் முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் கேரளத்துச் சேச்சி இருப்பார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேஷம் கொள்ளாம், நல்லா இருக்கு சாமி. புத்தி இல்லா" என்றார். "என் ஊரு பத்தனம்திட்டா. மல ஏறுற வழி முழுக்க ஆஸ்பத்திரி வெச்சிருக்கு. மருந்து ஆகாதுன்னா அது எதுக்கு? வாய் தொறக்கு."

செல்வி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ரம்யா மெதுவாக என் காதில், "அந்த மாப்பிள்ளை ப்ராமிஸ் கேன்சல்தானே?" என்றாள். மாத்திரை நாக்கடியில் இருந்ததால் என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

நடுக்கம் அடங்கிய பிறகு, வீட்டாரை அழைத்துவரச் சொன்னார் கவுன்சிலர் மேடம். மச்சானையும் கூப்பிட வேண்டும் என்றார். நான் செல்வியைப் பார்த்தேன். அவரிடம் பேசியது செல்விதான். என்ன சொன்னாளோ, வந்தார். கறுப்பு வேட்டியோடு வெறுங்காலோடு அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சர்தார்ஜி எழுந்து, "வாங்க சுவாமிஜி, நீங்க எத்தனை வருஷமா?" என்று கேட்டார். மச்சான் முகம் கறுத்துவிட்டது.

உள்ளே மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நாற்காலிக் கதை, மூச்சு, அந்தப் பையன். மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இதை எப்போது நிறுத்துவீர்கள்?" என்றார்.

"தேதி சொல்ல முடியாது. ஒரு வருஷமாகலாம், இன்னும் அதிகமாகலாம். உடம்பைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்போம்."

மச்சான் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். கோபமாக இல்லை. களைத்துப்போன மாதிரி இருந்தது.

"சரி மாப்ள. மருந்து முக்கியம். மாலையக் கழட்டிடலாம். ஐயப்பன் கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஜனங்க கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

நடுவில் மாலையைக் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று செல்விக்குப் பயம். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் அவர் சொன்னதில் வேறொன்று என்னைக் குத்தியது. மாத்திரை போடுகிறவன் மாலை போடத் தகுதி இல்லாதவன் என்றாகிவிடும். இன்றைக்கு மாலையைக் கழற்றினால், என்றைக்காவது ஒரு நாள் மறுபடி மாத்திரையைக் கழற்றிப் போடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

"கழட்ட மாட்டேன் மச்சான்" என்றேன்.

அவர் கேட்காதது போல் பார்த்தார்.

"மாலையும் கழட்ட மாட்டேன். மாத்திரையும் விட மாட்டேன். ரெண்டும் இருக்கட்டும்."

"என்ன சொன்னார்?" என்று மேடம் கேட்டார். ரம்யா இந்தியில் சொன்னாள். மச்சான் எழுந்தார். மேடத்துக்கு வணக்கம் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை, போன் இல்லை. குழு போகும் ரயில் பெட்டியில் எனக்கு இடம் இருக்கிறதா, குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியாது. வேலையும் வீடும் அவர் தயவு. ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். ஆனால் தினமும் போய் மாத்திரை போட்டுக்கொண்டேன். பயணத்தைப் பற்றி இந்த முறை டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். உடம்பு தேறியிருப்பதால், போய்வரும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை தருவதாகச் சொன்னார். வழியில் யாராவது கேட்டால் காட்ட ஒரு கடிதமும் கொடுத்தார். மழையில் நனையாமல், யார் கையிலும் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நேற்று மாலை மச்சான் வந்தார். படியேறி வந்து வாசலிலேயே நின்றார். செல்வி தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

"மாத்திரை வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"எங்க வெச்சிருக்க?"

பையைக் காட்டினேன்.

"எல்லாத்தையும் ஒரே பையில வெக்காத. பம்பைல இருக்கிற கூட்டத்துல என் பர்ஸே ரெண்டு தடவ போயிருக்கு. பாதிய என் கிட்ட குடு. ஏறும்போது உன்னுது போடு, எறங்கும்போது என் கிட்ட இருக்கறத போடு."

கொடுத்தேன். அவர் அதை மூக்குக் கண்ணாடி உறைக்குள் வைத்து மூடினார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஆயிரம் வேல இருக்கும் சாமி. நான் மறந்துருவேன். நீதான் வந்து கேக்கணும்."

நாளை மறுநாள் ரயில். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பை தொலைந்துவிடுமோ, மழையில் நனைந்துவிடுமோ, ஏறும்போது மூச்சு வாங்கினால் அது மலையா மருந்தா என்று எப்படித் தெரிந்துகொள்வேன் என்று எத்தனையோ பயம். எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். இறங்குகிற அன்று காலை, குழு முழுவதும் சுற்றி நிற்கும்போது, நான் குருசாமிக்கு முன்னால் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி மாத்திரையைக் கேட்க வேண்டும்.

கேட்பேன்.